சாக் பானிக்: லினக்ஸ் சேர்வரைத் தொலைவிலிருந்தே சாய்க்கும் ஓட்டையை அடைப்பது எப்படி?

மாங்குளத்தில் ஒரு கணினி நிலையத்தின் பழைய உபுண்டு 18.04 சேர்வரை அண்மையில் சரிசெய்து கொடுத்தேன். அதே மாதிரிப் பெட்டி உங்களிடமும் இருந்தால் இதைச் செய்துவிடுங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

2019 ஜூனில் நெட்பிளிக்ஸ் பொறியியலாளர்கள் வெளிப்படுத்திய சாக் பானிக் என்ற ஓட்டை இது. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் 2.6.29 பதிப்பு முதல் இருந்து வந்தது. அனுப்பக் காத்திருக்கும் டேட்டாவை கேர்னல் நினைவகத்தில் ஒரே கட்டாக 17 துண்டுகள் வரை சேர்க்கும்; ஒரு துண்டு 32 கிலோபைட் வரை வரும். தாக்குபவர் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பக்கெற்றில் அனுப்பக்கூடிய உச்ச அளவு) 48 பைட் என்று குறைத்துச் சொன்னால், மீதி தலைப்புத் தகவலுக்கே போய், ஒவ்வொரு பக்கெற்றிலும் 8 பைட் டேட்டாதான் போகும். கணக்குப் போட்டால் 69,632 பக்கெற்றுகள். அதை எண்ணும் இடத்திலோ 65,535 வரைதான் கொள்ளும். எந்தப் பக்கெற்றுகள் வந்து சேர்ந்தன என்று சொல்லும் சாக் பதில்களைக் கொண்டு அந்த எண்ணிக்கையை வழியவைத்தால் கேர்னல் அப்படியே நின்றுவிடும். பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, ஒரே வைஃபையில் இருப்பவரே போதும்.

முதலில் யூநேம் -ஆர் அடியுங்கள்; ஓடும் கேர்னலின் எண்ணைக் காட்டும். 4.15.0 என்று தொடங்கி, அடுத்த எண் 52க்குக் குறைவாக இருந்தால் ஓட்டை திறந்தே கிடக்கிறது.

அப்புறம் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட். பழைய ஆப்ட்-கெட் அப்கிரேட் வேண்டாம். புதிய கேர்னல் புதிய பெயருள்ள மென்பொருள் பொதியாக வருவதால், ஆப்ட்-கெட் அதை நிறுவாமல் தள்ளி வைத்துவிடும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். நிறுவி முடிந்தாலும் ஓடிக்கொண்டிருப்பது பழைய கேர்னல்தான். கரண்ட் போனாலும் நிற்காதபடி சோலாரும் பற்றரியும் போட்டு மாதக்கணக்கில் ஓடும் பெட்டிகளில், புதிய கேர்னல் வட்டில் சும்மா கிடக்கும். ரீபூட் செய்யுங்கள், மறுபடி யூநேம் -ஆர் பாருங்கள். எண் மாறினால்தான் வேலை முடிந்தது.

இப்போதே ரீபூட் செய்ய முடியாதா? பலர் சாக்கையே அணைக்கச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக்கு அது சரிவராது. கோபுரம் தூரத்தில் இருந்து சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, தொலைந்த பக்கெற்றை மட்டும் திருப்பிக் கேட்க உதவுவது சாக்தான். அணைத்தால் பெரிய பைல்கள் ஊர்ந்துதான் இறங்கும். அதற்குப் பதில் சிறிய எம்எஸ்எஸ்ஸை மறியுங்கள் (ஐ, இன்புட், டிராப் மூன்றும் பெரிய எழுத்தில், மற்றவை சிறிய எழுத்தில்):

ஐபிடேபிள்ஸ் -ஐ இன்புட் -பி டிசிபி -எம் டிசிபிஎம்எஸ்எஸ் --எம்எஸ்எஸ் 1:500 -ஜே டிராப்

நெட்.ஐபிவி4.டிசிபி_எம்டியூ_புரோபிங் என்ற கேர்னல் அமைப்பு 0 ஆக இருந்தால்தான் இது பலன் தரும். சிஸ்சிடிஎல் கட்டளையால் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபிவி6 இருந்தால் ஐபி6டேபிள்ஸிலும் இதே விதி.

பிற்சேர்க்கை: விதி போட்டும் ஒன்றும் மறிபடவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் பெரிய ஐ இடத்தில் பெரிய ஏ போட்டிருந்தார். ஏ விதியைக் கடைசியில் சேர்க்கும். யூஎஃப்டபிள்யூ என்ற உபுண்டு ஃபயர்வால் போட்ட பெட்டியில் அதற்கு முன்பே இணைப்பு அனுமதிக்கப்பட்டுவிடும். ஐ போட்டால் முதலில் நிற்கும். இரவு டேட்டாவில் கேர்னலை இறக்கி ரீபூட் செய்ததும் விதி தானாகப் போய்விடும். புதிய கேர்னலுக்கு அது தேவையும் இல்லை.