நாலு மணி நேர பிரெஞ்சு ஆப்பராவ நம்ம வீட்டு டிவில பாக்குறது எப்படி

மக்கா, மொதல்லயே சொல்லிடுறேன், ஆப்பரான்னா வசனத்தயும் பாட்டாவே பாடி நடிக்கிற மேடை நாடகம், இத சினிமா மாதிரி நினைச்சு உக்காந்தா அரை மணி நேரத்துல கை தானா போன எடுத்துரும். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேக்கப் போவோம்லா, அந்த மாதிரி உக்காரணும். சுடலைமாடன் கதை நமக்கு சின்னதுலயே தெரியும், ஆனாலும் புலவர் எப்படி பாடுறாருன்னு கேக்கத்தான விடிய விடிய இருக்கோம். அதனால கதைய முன்னாடியே படிச்சுருங்க.

ஆரம்பிக்க நான் சொல்றது பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸோட 'லே த்ருவாயன்', அதாவது ட்ராய்க்காரங்க. 2003ல பாரிஸ் ஷாட்லே தியேட்டர்ல ஜான் எலியட் கார்டினர் ஆர்கெஸ்ட்ராவ நடத்தி மேடையேறுனத ஷூட் பண்ணி டிவிடியா விட்டுருக்காங்க. அஞ்சு அங்கம், நாலு மணி நேரமாக்கும். மொத ரெண்டு அங்கம் ட்ராய் நகரத்துல, எதிரி கிரேக்கப் படை ஒளிஞ்சிருக்க மரக்குதிரை உள்ள வர்ற கதை, நடக்கப்போறது தெரிஞ்ச இளவரசி கசாண்ட்ரா வேண்டாம் வேண்டாம்னு கத்துறா ஒருத்தனும் கேக்கல. மிச்ச மூணும் வட ஆப்பிரிக்கக் கரையில இருந்த கார்த்தேஜ்ல, அந்த ஊரு ராணி டிடோவ, ட்ராய்ல இருந்து தப்பி வந்த வீரன் ஈனியஸ் விட்டுட்டு கப்பலேறிப் போறது.

இத ரெண்டு ராத்திரியா பிரிச்சுக்கோங்க, ட்ராய் ஒரு நாள், கார்த்தேஜ் ஒரு நாள். அரைகுறைன்னு நினைக்காதீங்க, 1890ல ஜெர்மனில கார்ல்ஸ்ரூவுல மொத தடவ முழுசா மேடையேத்துனப்பவே ரெண்டு ராத்திரியாத்தான் போட்டாங்க. பாவம் பெர்லியோஸ் அதப் பாக்கல, 1863ல கார்த்தேஜ் பாகம் மட்டும்தான் மேடை ஏறிச்சு, 1869ல ஆளு போய்ட்டாரு.

டிவிடி வாங்குறப்ப கவர் பின்னாடி ரீஜன் நம்பர் பாருங்க, 0ன்னா எங்கயும் ஓடும், இந்தியாவுக்கு 5. நான் பாக்காம வேற நம்பர் ஒண்ணு வாங்கிட்டு பிளேயர்ல வட்டம் சுத்துறதயே பாத்துட்டு இருந்தேன்.

சவுண்டுதான் மெயின். டிவி ஸ்பீக்கர நம்பாதீங்க, பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தா ஒயர் போட்டு குடுங்க, ரெண்டு ஸ்பீக்கர்தான்னா மெனுவுல ஸ்டீரியோ ட்ராக்க வைங்க. மெதுவா பாடுறது கேக்கலன்னு வால்யூம் கூட்டுவீங்க, அடுத்த நிமிஷமே கோரஸ் அத்தன பேரும் சேந்து எடுப்பாங்க பாருங்க, பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் எந்திரிச்சுரும். ராத்திரின்னா நைட் மோட் போடுங்க, பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்த அது குறைச்சுரும். ஆனி ஆடி மழையில தகர ஷீட்டுக்குக் கீழ இருந்து பாக்குறதா இருந்தா வேற நாள் பாத்துக்கலாம்.

சப்டைட்டில் தமிழ்ல கிடையாது. வீட்ல அம்மா, சித்தி கூட இருந்தா ஒவ்வொரு அங்கத்துக்கும் முன்னாடி ரெண்டு நிமிஷம் நம்ம பாஷையில கதைய சொல்லிட்டு விட்டுருங்க, எழுத்த வாசிச்சுட்டே இருந்தா முகத்தப் பாக்க முடியாது.

நாலாவது அங்கத்து டான்ஸ் அப்போ எந்திரிச்சுப் போய் கட்டஞ்சாயா போடலாம், பிரெஞ்சுக்காரனுக்கு அந்தக் காலத்துல டான்ஸ் இல்லாம பெரிய ஆப்பராவே கிடையாது, நமக்கு அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்ல. ஆனா அதே அங்கத்து தொடக்கத்துல வேட்டையும் புயலும் வரும், அத ஓட்டிராதீங்க.

அஞ்சாவது அங்கம் தொடங்குனதும் லைட்ட அணைங்க. ஹைலாஸ்னு ஒரு சின்ன மாலுமிப் பையன், கதைப்படி பாய்மரத்து உச்சில உக்காந்து ஊர நினைச்சுப் பாடுறான், கீழ காவலுக்கு நிக்கிற ரெண்டு பேரு கேலி பண்றாங்க, பாடிட்டே தூங்கிருவான். கப்பல்ல வேல பாத்த தன் மகன் லூயிய நினைச்சு பெர்லியோஸ் எழுதுனது. எங்க வீட்ல அன்னிக்கு பக்கத்து வீட்டு அக்காவும் இருந்தாங்க, மகன் ஆழ்கடலுக்குப் போயி இருவது நாளு, ஒரு வார்த்தை புரியாது அவங்களுக்கு, பாட்டு முடிஞ்சதும் "மறுபடி போடு மக்கா"ன்னாங்க.