பிள்ளையோடு பார்க்கும் முதல் பேய்ப் படம்: எங்கே தவறுகிறோம்?

அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. "ஒரு நல்ல பேய்ப் படம் போடுங்க சித்தி" என்று கேட்டான். எனக்கு மிகவும் பிடித்த 'யாவரும் நலம்' (2009) படத்தைப் போட்டேன். அதில் நாயகன் ஏறினால் மட்டும் அடுக்குமாடி லிஃப்ட் நகராது. அக்கா குடும்பம் இருப்பதும் அடுக்குமாடியில், நாலாவது மாடி. அடுத்த ஒரு வாரம் அவன் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு படியேறியே போனான். கேட்டதற்கு, "லிஃப்ட் வர லேட்டாகுது சித்தி" என்றான்.

நமக்குப் பிடித்ததையே பிள்ளைக்கும் போட்டுவிடுவதுதான் முதல் தவறு. கதை எங்கே நடக்கிறது என்று முதலில் பாருங்கள். தினமும் புழங்கும் குளியலறை, கட்டிலடி, டிவி, கண்ணாடி இவற்றில் பேய் வந்தால், படம் முடிந்த பிறகும் பிள்ளை அங்கேதான் போய்வர வேண்டும். பாழடைந்த அரண்மனையும் காட்டு பங்களாவும் நம் வீட்டிலிருந்து வெகு தூரம். அதனால்தான் முதல் படமாக நான் 'சந்திரமுகி'யைச் (2005) சொல்வேன். பயத்துக்கு மனநோய் என்று ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது, நடுநடுவே பாட்டும் வந்து மூச்சுவிட இடம் தருகிறது.

"காமெடிப் பேய்தானே" என்று நம்பி உட்காருவது இன்னொரு தவறு. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் ஊர்ப் பேய்ப் படங்களில் முதல் பாதி சிரிப்பு. இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக் வரும். பேய் பேயானதற்குக் காரணமே ஒரு கொடுமைதான். 'காஞ்சனா'வில் (2011) ஒரு திருநங்கையைக் கொன்று போடுகிறார்கள். பேயைவிட மனுஷன் செய்யும் அந்தக் கொலைதான் பிள்ளை மனதில் தங்கும். எனவே முழுப் படத்தையும் நீங்கள் முன்பே ஒரு முறை பார்த்துவிடுங்கள். டிரெய்லர் போதாது.

சான்றிதழை மட்டும் நம்பவும் முடியாது. 2024 முதல் தணிக்கை வாரியம் யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறது; நல்ல உதவிதான். பழைய படங்களில் வெறும் 'யுஏ' மட்டுமே இருக்கும். தவிர, ரத்தம் குறைவாக இருந்தாலே பயமும் குறைவு என்று சொல்ல முடியாது. 'தி கான்ஜுரிங்' (2013) படத்தில் ரத்தமும் கெட்ட வார்த்தையும் குறைவு. ஆனாலும் அமெரிக்காவில், 17 வயதுக்குக் கீழானவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற 'ஆர்' சான்றிதழ்தான் கிடைத்தது.

ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் பார்ப்பதும் வேண்டாம். மாலை நாலு மணிக்குப் போடுங்கள். படம் முடிந்து ஒரு டீ குடித்து, கொஞ்சம் தெருவில் நடந்து, பிறகு தூங்கப் போகட்டும். பாதிப் பயம் சத்தத்தில் இருப்பதால் வால்யூமையும் குறைத்து வையுங்கள்.

கண்ணை மூடினால் "இதுக்கே பயமா?" என்று கேட்காதீர்கள். அலறுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள். அந்த வயதில் பயத்தைவிட அவமானம் பெரிது. அப்புறம் பயந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். லிஃப்ட் லேட்டாகுது என்றுதான் சொல்வார்கள்.

போன மாதம் அவனோடு 'சந்திரமுகி' பார்த்தேன். ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். கடைசி அரை மணி நேரத்தில் இரண்டு முறை நிறுத்தினான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, என் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, அவனே மறுபடி ஓடவிட்டான்.