பழைய கொரோலாவுக்கு ஏன் இந்த வெல, வாங்கப் போறப்ப என்ன பாக்கணும்

இலங்கைல ஹட்டன் பக்கம் ஒரு 121 கொரோலா (டொயோட்டாவோட பழைய மாடல்) கேட்டுப் போனீங்கன்னா சொல்ற வெலைல தல சுத்தும், 20 வருசம் ஓடின கார், அன்னிக்கு வாங்கினத விட கூட கேக்குறாங்க. ஏமாத்துறாங்கன்னு உடனே நெனைக்காதீங்க, காரணம் தெரிஞ்சாத்தான் எதுக்கு அந்தக் காச குடுக்கலாம்னு புரியும்.

2020 மார்ச்ல வாகன எறக்குமதிய நிப்பாட்டுனாங்க, சொந்தப் பாவனைக் காருக்கு திரும்ப தொறந்தது 2025 பெப்ரவரிலதான். அத்தன வருசமும் நாட்டுல இருந்த காருகதான் கைமாறிக் கைமாறி வெல ஏறிச்சு. நடுவுல 2022ல 200 ரூவா சொச்சத்துல இருந்த டொலர் 360 வரைக்கும் போச்சு. இப்ப எறக்குறதுக்கும் டொலர் வெல, வரி எல்லாம் சேந்து வர்றதால பழசோட வெலயும் கொறைய மாட்டேங்குது.

ஆனா எல்லா பழசுக்கும் இந்த மவுசு இல்ல. கொரோலா, நிசான் எஃப்பி 15 சன்னி, மாருதி 800, டொல்பின்னு சொல்ற டொயோட்டா ஹையேஸ் வேன் இதுகள எந்த கராஜ் பாஸும், அதாவது மெக்கானிக்கும், கழட்டிப் பழகினவரு, பார்ட்ஸ் கண்டிலயே கெடைக்கும், விக்கணும்னாலும் ஒரு வாரத்துல ஆள் வந்துரும். அதே வயசு ஐரோப்பா கார் கொறஞ்ச வெலைக்கு வரும், ஆனா ஒரு சென்சர் போனா கொழும்புக்கு தூக்கிட்டுப் போகணும், தோட்டத்து ரோட்டுல அது நமக்கு சரிப்படாது.

பாக்கப் போறது காலைலயா இருக்கட்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லிருங்க, ஆறின எஞ்சின்லதான் ஸ்டார்ட் கோளாறு தெரியும். போனதும் பொனட்ல கைய வைங்க, சூடா இருந்தா திரும்பிப் போய் இன்னொரு நாள் வந்து பாருங்க. அப்புறம் டிக்கிய தொறந்து கார்பட்ட தூக்கி ஸ்பேர் வீல் குழிக்குள்ள டோர்ச் அடிங்க, கதவுக்குக் கீழ வெரலால அமுக்கிப் பாருங்க. வட்டவளை, கினிகத்தேனை மழைல நின்ன காருன்னா பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள துரு தின்னிருக்கும். எஞ்சின விட பொடிக்குத்தான் (காரோட தகரக் கூட்டுக்கு) நான் பயப்படுவேன், எஞ்சின மாத்தலாம், துரு பிடிச்ச பொடிக்கு டிங்கரிங் செலவு முடியவே முடியாது.

நாலு பேர ஏத்திட்டு கினிகத்தேனைல இருந்து ஹட்டன் ஏறுங்க. ஹீட் முள்ளு மேல போகுதா பாருங்க, நடு ஏத்தத்துல நிப்பாட்டி திரும்ப எடுங்க, கிளச் வழுக்குனா அங்கயே தெரிஞ்சுரும். எறங்கி வர்றப்ப கியர்லயே விட்டு அக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு கொஞ்ச தூரம் வந்து, திடீர்னு மிதிச்சு கண்ணாடில பின்னால பாருங்க, நீலப் பொக கெளம்புனா எஞ்சின் ஒயில் எரிக்குது. அந்த வேலைக்கு எவ்வளவு ஆகும்னு உங்க பாஸ்கிட்ட கேட்டு, சொன்ன வெலைல இருந்து அத கழிச்சுப் பேசுங்க, வெக்கப்படாதீங்க.

கடைசியா புக், அதாவது காரோட பதிவுப் புத்தகம். அதுல லீசிங் கம்பனி பேரு இருந்தா கடன் அடைச்ச கடிதம் கைல வராம முழுக் காச குடுக்காதீங்க. செசி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் நீங்களே காருல தேடிப் புக்கோட ஒப்பிடுங்க. பேர் மாத்தாம கையெழுத்து வச்ச ஓபன் பேப்பர்ல நாலு கை மாறின காருன்னா, எவ்வளவு நல்லா இருந்தாலும் நான் தொட மாட்டேன்.