உயில் எழுதத் துணைக்கு ஆள் வைக்கும்போது செய்யும் தவறுகள்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். வழக்கு கிளம்புவது பெரும்பாலும் கூட நின்று உதவியவர்களை வைத்துத்தான்.

சொத்து பெறப்போகிற மகனே அப்பாவை அழைத்துப் போவார், பத்திர எழுத்தரிடம் விவரம் சொல்வார், சாட்சிக்குத் தன் நண்பர்களையே நிறுத்துவார். மற்ற பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வியே இதுதான். பெரும்பலன் பெறுபவரே உயில் தயாரிப்பில் முன்னின்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை, அதைப் போக்க வேண்டியவரும் அவரே என்று வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் (1959) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதச் சொல்வது உயில் எழுதுபவராகவே இருக்கட்டும்; மகன் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

அடுத்தது சாட்சிகள். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63-ன்படி இருவர் வேண்டும். (முஸ்லிம்களுக்கு இது பொருந்தாது.) எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது நான் போட்டதுதான்’ என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும், பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். வீட்டில் கையெழுத்து போட்டுவிட்டு, தாளை மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பி ‘சாட்சி’ வாங்குவது இங்கேதான் உதைக்கும். உயிலில் என்ன இருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பின்னாளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும்; எழுபத்தைந்து வயது நண்பரைவிட, நிலையான முகவரியுள்ள இளையவர் மேல். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ அவரது கணவன், மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்தத் தடை இல்லை, சந்தேகம் மட்டும் உண்டு.

எழுத்தர் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தருவது இன்னொரு வம்பு. சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை மூன்றையும் மூலப் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். தமிழ் மட்டும் படிப்பவருக்கு ஆங்கிலத்தில் உயில் எழுதுவது எதிர்த்தரப்புக்கு நாமே ஆயுதம் கொடுப்பது. கைநாட்டு வைப்பவரானால், வாசிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டார் என்ற வரி அவசியம். உடல்நிலை மோசமென்றால், சிகிச்சை தரும் மருத்துவரிடமே அதே தேதியில் மனநிலைச் சான்று வாங்குங்கள்.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பதிவான உயிலையும் சாட்சி வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவருக்குக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். ரகசியமாக இருக்க வேண்டுமானால், மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அந்த ரசீது இருக்கும் இடத்தை உயிலை நிறைவேற்றப்போகிறவரிடம் சொல்லிவையுங்கள்.