ஹாஸ்டலில் இருப்பவர்கள் எடையைப் பார்ப்பதும் மெஸ் சாப்பாட்டைச் சரிசெய்வதும்

எடை மெஷினில் ஏறி, எண்ணைப் பார்த்துப் பயந்து, மறுநாள் காலைச் சாப்பாட்டை விடுவதுதான் ஹாஸ்டலில் வழக்கமாக நடப்பது. முதலில் அளவைச் சரியாக எடுங்கள்.

காலையில் கழிவறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடும் முன், லேசான உடையில், கெட்டியான தரையில் மெஷினை வைத்து நில்லுங்கள். வாரம் ஒரு நாள் போதும். தினமும் பார்த்தால் முந்தின இரவு சாப்பிட்ட உப்பும் உடம்பில் தங்கிய நீரும்தான் எண்ணை ஏற்றி இறக்கும். மாதவிடாய்க்கு முன் கூடுவதும் பெரும்பாலும் நீர்தான்.

எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண். 162 செ.மீ. உயரம், 61 கிலோ என்றால் 61 ÷ 1.62 ÷ 1.62 = 23.2. இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான எடை. 23 முதல் கூடுதல். 25 முதல் உடல் பருமன். பல செயலிகள் 25 வரை ‘நார்மல்’ என்றே காட்டும், அதை நம்பாதீர்கள். நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருவதால்தான் அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஒல்லியான கை கால், முன்தள்ளிய தொப்பை என்று இருப்பவர்களை பி.எம்.ஐ. காட்டிக்கொடுக்காது. டெய்லர் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

மெஸ் சாப்பாட்டில் பெரிய குறை புரதம். எடை கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். 61 கிலோவுக்குச் சுமார் 50 கிராம். நாலு இட்லியில் 8 கிராம் கிடைத்தாலே அதிகம். சோறு மூன்று கப் சேர்த்தாலும் 20 கிராமில் நின்றுவிடும். மீதிக்கு ஒரு முட்டை (6), ஒரு டம்ளர் பால் (6), ஒரு கைப்பிடி வேர்க்கடலை (7), ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் (14) போதும். புரதப் பவுடர் டப்பா வாங்கும் காசுக்கு மாதம் முழுக்க இவை வரும். சாம்பாரை மேலாக அள்ளாமல் அடியிலிருந்து கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். பருப்பு அங்கேதான் கிடக்கும்.

இரவு பதினொன்றுக்குப் பரோட்டா தேடி ஓடுவதற்குக் காரணம் நாக்கு மட்டும் அல்ல. காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடி, இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்து, ஒரு மணி வரை விழித்திருந்தால் பசிக்கத்தான் செய்யும். பத்து மணிக்கு ஒரு பாலும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் எடுத்துக்கொண்டால் அந்தப் பசி அடங்கும். எடை குறைக்க வேண்டியவர்கள் சோற்றை அடியோடு விட வேண்டாம்: ஒரு கரண்டி குறைத்து, பொரியலை இரண்டு மடங்காக்கி, குளிர்பானத்தை நிறுத்துங்கள். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் இறக்காதீர்கள். வேகமாக இறக்கினால் தசையும் சேர்ந்து கரையும்.

பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருப்பவர்களைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. அது தவறு. வழக்கமான சாப்பாட்டோடு 50 கிராம் வேர்க்கடலை, இரண்டு வாழைப்பழம் தினமும் சேர்த்தால் சுமார் 480 கலோரி கூடும்.

மாணவிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பாலோடு போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலோ, சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் வந்தாலோ, உணவு மாற்றத்தை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ரூம்மேட்டிடம் இவற்றைக் கண்டால் துணைக்குச் சென்று காட்டுங்கள்.