முந்திரி உடைக்கும் தொழிலுக்குக் கடன்: மிஷினுக்கு மட்டும் கேட்காதீர்கள்

காடாம்புலியூரில் எங்கள் கொட்டகைக்கு மிஷின் வந்து இறங்கியது வைகாசி மாதம். பாய்லர், உடைக்கும் மிஷின், டிரையர் எல்லாம் தயார். கொட்டை வாங்கத்தான் கையில் பணம் இல்லை. சீசன் முடியும்வரை மிஷின்மேல் சாக்கைப் போர்த்தி வைத்திருந்தோம், தவணை மட்டும் ஓடியது. உங்களுக்கு அப்படி நேரக்கூடாது.

படி 1: உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு. ஆதார், பான், ஆதாரோடு இணைந்த போன் நம்பர் போதும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் அரசுத் தளமே இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

படி 2: திட்டம். நான் போனது 2020-ல் மத்திய அரசு தொடங்கிய சிறு உணவுத் தொழில் திட்டத்தில். மிஷின் செலவில் 35 சதவீதம் மானியம், உச்ச வரம்பு 10 லட்சம். நம் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். மானியம் கைக்கு வராது. வங்கியிலேயே இருக்கும், 3 வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். விண்ணப்பத்துக்கு உதவ மாவட்ட வள நபர் என்று ஒருவர் உண்டு. அவருக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை.

படி 3: கொட்டைக்கான பணம். இங்கே நிதானமாகப் படியுங்கள். மானியம் மிஷினுக்குத்தான். கொட்டை வாங்கும் பணத்தை நடைமுறை மூலதனமாகத் தனியாகக் கேட்க வேண்டும். வங்கிக்குக் கொடுக்க நான் கடையில் எழுதி வாங்கிய திட்ட அறிக்கையில் மாதாமாதம் கொஞ்சம் கொட்டை வாங்குவதாகப் போட்டிருந்தார்கள். நம் பக்கம் யார் அப்படி வாங்குகிறார்கள்? சித்திரை, வைகாசியில் களத்துக்கு வரும்போதே வருடத்துக்கும் பிடித்து, காயவைத்து, மூட்டை கட்டிவிட வேண்டும்.

ஒரு கணக்கு பாருங்கள். 80 கிலோ மூட்டை 100 வாங்குகிறீர்கள், அதாவது 8,000 கிலோ. கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9.6 லட்சம். மூட்டைக்கு 20 கிலோ பருப்பு, கிலோ 700 என்றால் வருட விற்பனை 14 லட்சம். சிறு தொழிலுக்கு வங்கியில் நடைமுறை மூலதனக் கடனாக வழக்கமாகப் போடுவது விற்பனையில் 20 சதவீதம், அதாவது 2.8 லட்சம். போட்ட பணம் மூன்று மாதத்தில் சுற்றி வந்துவிடும் என்ற எண்ணத்தில் வந்த கணக்கு அது. முந்திரியில் பணம் அவ்வளவு வேகமாகத் திரும்பாது. அதனால் 12 மாதத்துக்கும் கட்டம் போட்டு, எந்த மாதம் எத்தனை மூட்டை இருப்பு, எவ்வளவு விற்பனை என்று எழுதுங்கள். சித்திரையில் எகிறி, மார்கழியில் இறங்கும் அந்தக் கட்டத்தைக் காட்டிய பிறகுதான் மேனேஜர் எனக்கு சி.சி. கணக்கில் (வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, திரும்பக் கட்டும் கடன் கணக்கு) வரம்பை ஏற்றினார். எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. மாதாமாதம் இருப்புக் கணக்கு கொடுக்க வேண்டும்.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், நீளமான கணக்கு நோட்டே போதும் என்பேன். நம் கையால் போட்ட கணக்கு என்றால்தான் மேனேஜர் குறுக்கே கேட்கும்போது பதில் வரும்.

படி 4: வங்கி. மிஷின் விற்பவர் தரும் கொட்டேஷனில் அவருடைய ஜி.எஸ்.டி. எண் இருக்கட்டும். 10 லட்சம் வரையிலான சிறு தொழில் கடனுக்கு நிலப் பத்திரம் ஈடாகக் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால், ஈடில்லாத கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதியில் போடச் சொல்லுங்கள். முதல் தவணை எப்போது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசி, பருப்பு விற்பனைக்கு வரும் மாதத்துக்குத் தள்ளி வாங்குங்கள்.

பிறகு சேர்த்தது: இரண்டு பேர் உத்யம் பதிவிலேயே மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். முதலில் இரண்டையும் ஒன்றாக்குங்கள். அப்புறம், பாகூர்க்காரர்களுக்கு: கடலூர் பக்கத்தில் இருந்தாலும் நீங்கள் புதுச்சேரி. போக வேண்டியது தட்டாஞ்சாவடி மாவட்டத் தொழில் மையம். புதிய தொழில்முனைவோருக்குத் தமிழ்நாடு அரசு தரும் நீட்ஸ் மானியம் உங்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன மத்திய திட்டத்தைக் கேளுங்கள்.