ஒரு சிற்றூரின் பேஸ்பால் கதையைத் தேடி எடுப்பது எப்படி?

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பேஸ்பால் வரலாற்றை எழுதப் போகிறீர்களா? பெரியவர்களின் நினைவிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பழைய செய்தித்தாள்கள். நான் இதை மாற்றிச் செய்து ஒரு வருடத்தை இழந்தேன்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் பழைய தாள்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் 'பேஸ் பால்' என்று பிரித்துத்தான் பெரும்பாலும் எழுதினார்கள், அப்படியும் தேடுங்கள். ஒன்பது பேர் ஆடுவதால் அணியை 'நைன்' என்பார்கள், அதையும் விடாதீர்கள்.

அப்புறம் புகைப்படங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒரு படத்தில் தேதியே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: அவுட்ஃபீல்டு எனப்படும் மைதானத்தின் வெளிப்பகுதியில், புல்லில் ஒரு பந்து பிடிக்கும் கையுறை கிடந்தது. அந்தக் காலத்தில் பேட்டிங் செய்யப் போகும்போது கையுறையை மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். 1954-இல்தான் விதி அதைத் தடுத்தது. ஆக, படம் அநேகமாக அதற்கு முந்தையது. முதுகில் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். நியூயார்க் யாங்கீஸ் அணி 1929-இல் எண் போட்ட பிறகுதான் அந்த வழக்கம் பரவியது.

மைதானம் எங்கே இருந்தது என்பதற்கு சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களைப் பாருங்கள்; தீ விபத்துக் காப்பீட்டுக்காக ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்த பழைய வரைபடங்கள் அவை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். கறுப்பின அணிகளை உள்ளூர்த் தாள்கள் பெரும்பாலும் ஒதுக்கின. கறுப்பினத்தவர் நடத்திய 'சிகாகோ டிஃபெண்டர்', 'பிட்ஸ்பர்க் கூரியர்' தாள்களையும் புரட்டாமல் எழுதினால் ஊரின் பாதிக் கதை போய்விடும்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு பெரியவர்களிடம் போங்கள். படத்தைக் காட்டி, "இது யார்?" என்று மட்டும் கேளுங்கள்.